2028-ல் எந்த மாநிலம் கட்சி மாறும்? ஆளுக்கு ஒன்று சொல்லுங்கள்

எடிசன்வாசி:
தேர்தலுக்கு இன்னும் ரொம்ப நாள் இருக்கிறது, தெரியும், திட்ட வேண்டாம். நேற்று ராத்திரி அமெரிக்க வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு மாநிலமாக சிவப்பு (குடியரசுக் கட்சி), நீலம் (ஜனநாயகக் கட்சி), மறுபடி சிவப்பு என்று தட்டிக்கொண்டே இருந்ததில் மணி ஒன்றரை ஆகிவிட்டது. தனியாகத் தூக்கம் கெடுவதைவிட உங்களையும் சேர்த்துக் கெடுக்கலாம் என்றுதான் இந்த இழை.

2024-ல் ஒரு கட்சிக்கு விழுந்து 2028-ல் அடுத்த கட்சிக்குப் போகும் என்று நீங்கள் அடித்துச் சொல்லும் மாநிலம் எது? எந்தப் பக்கமும் சாயக்கூடிய ஏழு ஊசல் மாநிலங்களையும் டிரம்ப் மொத்தமாக அள்ளி, மாநிலவாரியாகக் கிடைக்கும் தேர்வாளர் ஓட்டில் 312-226 என்று முடித்துவிட்டதால் சிவப்பிலிருந்து நீலம் சொல்வது சுலபம். நீலத்திலிருந்து சிவப்புக்கு எது போகும் என்றும் ஒன்று சொல்லுங்கள். யார் நல்லவர், யார் கெட்டவர் சண்டைக்கு வேறு இழை இருக்கிறது.

என் பந்தயம் எங்கள் ஊர்தான், நியூ ஜெர்சி. 2020-ல் பைடன் 16 சதவீத வித்தியாசத்தில் ஜெயித்தார். 2024-ல் ஹாரிஸுக்கு 6 கூட தேறவில்லை. இங்குள்ள பசேயிக் கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) டிரம்ப் பக்கம் போகும் என்று நான்கு வருடம் முன்னால் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். இன்னொரு முறை இதே சரிவு வந்தால் முடிந்தது.

டல்லாஸ் துரை:
டெக்சாஸ் என்று யாராவது ஆரம்பிப்பதற்கு முன்னால் நானே வந்துவிட்டேன். இங்கே வந்து இருபது வருடம் ஆகிறது. ஒவ்வொரு தேர்தலுக்கும் "இந்த முறை டெக்சாஸ் நீலம்" என்று எவராவது சொல்வார், கல்யாணத் தரகர் "வர்ற தையில முடிஞ்சுரும்" என்பது மாதிரி. 2018 செனட் (மேலவை) தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் பீட்டோ ஓ'ரூர்க் இரண்டரை சதவீதத்தில் தோற்றபோது நானும் நம்பினேன். 2020-ல் பைடன் ஐந்தரையில் தோற்றார். சரி, கிட்டே வருகிறது என்று பார்த்தால் 2024-ல் 14-க்குப் பக்கத்தில் போய்விட்டது.

ரியோ கிராண்டே ஓரத்தில் ஸ்டார் கவுண்டி என்று ஒன்று. கிட்டத்தட்ட எல்லாருமே மெக்சிக வம்சாவளி. 2016-ல் ஹிலாரி அங்கே 79 சதவீதம் வாங்கினார். 2024-ல் டிரம்ப் ஜெயித்தார். 1892-க்குப் பிறகு குடியரசுக் கட்சி அங்கே ஜெயிப்பது அதுதான் முதல் தடவை. நூற்று முப்பது வருடக் கோட்டை எட்டு வருடத்தில் போனது. அதனால் எனக்கு எந்த மாநிலத்தைப் பற்றியும் அடித்துச் சொல்லும் தைரியம் போய்விட்டது. நான் பந்தயம் கட்டவில்லை, வேடிக்கை பார்க்கிறேன்.

கணக்குப்பிள்ளை:
எடிசன், உங்கள் கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது. 16 இருந்தது, 6 ஆனது, அடுத்து மைனஸ் 4 என்று கோட்டை அப்படியே நீட்டுகிறீர்கள். ஓடும் டவுன் பஸ்ஸில் டிரைவர் சடாரென்று பிரேக் போட்டால் நிற்கிற எல்லாரும்தான் முன்னால் சாய்வார்கள். யார் சாய்ந்தார் என்று பார்ப்பதில் ஒன்றும் கிடைக்காது, மற்றவர்களைவிட யார் அதிகம் சாய்ந்தார், யார் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார் என்று பார்க்க வேண்டும்.

நாடு மொத்தத்தில் 2020-ல் பைடன் நாலரை சதவீதம் முன்னால். 2024-ல் டிரம்ப் ஒன்றரை சதவீதம் முன்னால். ஆக மொத்தம் ஆறு புள்ளி சாய்வு. இதைக் கழித்துவிட்டுப் பாருங்கள். அரிசோனாவும் நெவாடாவும் நாட்டோடு சேர்ந்து ஏறக்குறைய அதே ஆறு புள்ளி போயிருக்கின்றன, அவற்றில் உள்ளூர் விசேஷம் எதுவும் இல்லை. நியூ ஜெர்சி பத்து, நியூயார்க்கும் பத்து, ஃப்ளோரிடாவும் கிட்டத்தட்ட பத்து. இவை நிஜமாகவே இடம் மாறியவை. ஆனால் விஸ்கான்சின் ஒன்றரைதான், வட கரோலினா இரண்டுகூட இல்லை, ஜார்ஜியா இரண்டரைக்குள். நாடே ஆறு போனபோது இவை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கின்றன.

2020-ல் ஜார்ஜியா தேசிய சராசரியைவிட நாலு புள்ளிக்கு மேல் வலதுபக்கம், அதாவது குடியரசுக் கட்சிப் பக்கம் இருந்தது. பைடன் அங்கே ஜெயித்தது வெறும் 11,779 ஓட்டில், அதுவும் நாடு முழுக்க நாலரை அலை அடித்ததால். 2024-ல் அதே ஜார்ஜியா தேசிய சராசரியை ஒட்டி ஒரு புள்ளிக்குள் வந்துவிட்டது. தோற்ற வருடத்தில்தான் ஜனநாயகக் கட்சிக்கு அங்கே நிலம் இறுகியிருக்கிறது. தொலைக்காட்சியில் வண்ணத்தை மட்டும் பார்க்கிறவர்களுக்கு இது தெரியவே தெரியாது, அவர்களுக்கு ஜார்ஜியா "மறுபடி சிவப்பாகிவிட்டது", அவ்வளவுதான்.

என் ஓட்டு: ஜார்ஜியா. இரண்டாவது ஒன்று கேட்டால் வட கரோலினா.

மதுரைவாசி:
ஊரிலிருந்து படிக்கிறேன், ஒரு சந்தேகம். 2026 நவம்பரில் அங்கே இடைத்தேர்தல் என்று செய்தியில் போட்டார்களே, அது எந்தத் தொகுதிக்கு? எம்.எல்.ஏ. யாராவது இறந்துவிட்டாரா?

டல்லாஸ் துரை:
தம்பி, அது இடைக்காலத் தேர்தல். அதிபரின் நாலு வருடத்துக்கு நடுவில் கீழவை மொத்தமும், செனட்டில் மூன்றில் ஒரு பங்கும் தேர்தலுக்கு வரும். யாரும் இறக்க வேண்டியதில்லை.

ஜான்ஸ்கிரீக் ஜமுனா:
கணக்குப்பிள்ளை சொன்ன ஜார்ஜியாவுக்குள் நான் இருக்கிறேன். அவர் சொல்வது சரி, ஆனால் ஒரே காற்று எல்லாத் தெருவிலும் அடிக்கவில்லை.

எங்களுக்கு வடக்கே ஃபோர்சைத் கவுண்டி, கம்மிங் பக்கம். நம்மவர்கள் நிறைய. 2012-ல் குடியரசுக் கட்சி வேட்பாளர் ராம்னி அங்கே 80 சதவீதம் வாங்கினார், 2020-ல் டிரம்ப் 66. எட்டே வருடத்தில் அத்தனை இறக்கம். அடுத்து என்ன ஆகும் என்று ஆவலாகப் பார்த்தால் 2024-லும் கிட்டத்தட்ட அதே 66, அசையவில்லை. ஏன் என்று எனக்கு ஓட்டுக் கேட்டுக் கதவு தட்டப் போனபோதுதான் புரிந்தது. கட்சி கொடுக்கும் செல்போன் செயலியில் வாக்காளராகப் பதிவு செய்தவர்கள் வீடு மட்டும்தான் வரும். இருபது வீடு உள்ள ஒரு தெரு, பாதி வாசலில் மாவிலைத் தோரணமும் ஸ்டிக்கர் கோலமும், செயலியில் காட்டுவது நாலே நாலு வீடு! மற்றவர்கள் எல்லாம் எச்1பி, இல்லாவிட்டால் கிரீன் கார்டு வரிசை. வீடு வாங்கி, வரி கட்டி, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்து, பதினைந்து வருடம் ஆகியும் ஓட்டு மட்டும் கிடையாது. இங்கே பிறந்த அவர்கள் பிள்ளைகளுக்கு இப்போதுதான் ஒவ்வொருவராகப் பதினெட்டு ஆகிறது. மக்கள்தொகைக் கணக்கைப் பார்த்துவிட்டு "இந்தியர்கள் ஜார்ஜியாவை மாற்றுவார்கள்" என்று எழுதுகிறவர்கள் இந்தச் செயலியை ஒரு நாள் கையில் வைத்துக்கொண்டு அந்தத் தெருவில் நடந்து பார்க்கட்டும்.

ஓட்டு உள்ள அந்த நாலு வீட்டிலும் ஒரே பதில் கிடையாது. ஒரு வீட்டில் அந்த அம்மா, "கமலாவோட தாத்தா ஊரு துளசேந்திரபுரம் எங்க ஊர்ப் பக்கம்தான்" என்று உட்கார வைத்து மோர் கொடுத்தார். அவர் கணவர் உள்ளேயிருந்து "வரி வரி, அதைப் பேசச் சொல்லு" என்று குரல் கொடுத்தார். மகன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

நிஜமாக மாறுவது அட்லாண்டாவுக்குத் தெற்கே. ஹென்றி கவுண்டியை 2012-ல் ராம்னி ஜெயித்தார். கறுப்பினக் குடும்பங்கள் வீடு தேடி அந்தப் பக்கம் போகப் போக, 2024-ல் ஹாரிஸுக்கு 60 சதவீதத்துக்கு மேல். நாடே அந்தப் பக்கம் சாய்ந்த வருடத்தில் பைடன் வாங்கியதைவிட அங்கே கூடியிருக்கிறது. அப்புறம் 2025 நவம்பரில் மின் கட்டணம் நிர்ணயிக்கும் பொதுச் சேவை ஆணையத்துக்கு இரண்டு இடம் தேர்தல் நடந்ததே, இரண்டையும் ஜனநாயகக் கட்சி 60 சதவீதத்துக்கு மேல் வாங்கி ஜெயித்தது. கரண்டு பில்லைப் பார்த்த கோபம். அதிபர் தேர்தலில் அந்தக் கோபம் அதே அளவு இருக்குமா என்பது வேறு விஷயம்.

நோவை நண்பன்:
மிச்சிகனை எல்லாரும் டியர்பார்ன் கதையாகவே பேசுவார்கள், அதனால் முதலில் அதை முடித்துவிடுகிறேன். காசா போர்க் கோபத்தில் அரபு மக்கள் அதிகமுள்ள அந்த ஊரில் டிரம்புக்கு 42, ஹாரிஸுக்கு 36, பசுமைக் கட்சியின் ஜில் ஸ்டைனுக்கு 18 சதவீதம். பெரிய அடிதான். ஆனால் மாநில வித்தியாசம் 80,000 ஓட்டு. டியர்பார்னில் 2020-ல் விழுந்த மாதிரியே விழுந்திருந்தாலும் அந்தப் பள்ளம் நிரம்பியிருக்காது.

அதே நாள், அதே வாக்குச்சீட்டில் செனட்டுக்கு ஜனநாயகக் கட்சியின் எலிசா ஸ்லாட்கின் சுமார் 19,000 ஓட்டில் தப்பித்துவிட்டார். அரிசோனாவில் ரூபென் கயேகோ, நெவாடாவில் ஜாக்கி ரோசன், விஸ்கான்சினில் டாமி பால்ட்வின், எல்லாரும் அப்படித்தான், மேலே டிரம்ப் ஜெயிக்கிறார், கீழே இவர்கள் ஜெயிக்கிறார்கள். டிரம்புக்கு என்றே வந்து, அவர் பெயருக்கு மட்டும் குத்திவிட்டுப் போன கூட்டம் ஒன்று இருக்கிறது. 2028-ல் அவர் பெயர் சீட்டில் இருக்காது, அரசியல் சட்டத்தின் 22-ஆவது திருத்தம் மூன்றாம் முறை விடாது. அந்தக் கூட்டம் துணை அதிபர் வான்ஸுக்கோ வேறு எவருக்கோ வந்து நிற்குமா? என் பதில், பாதிகூட வராது. அதனால் மிச்சிகன், விஸ்கான்சின் இரண்டும் மாறும்.

எடிசன்வாசி:
இது என்ன, எல்லாரும் நீலத்துக்கே எழுதுகிறீர்கள். ஜமுனாக்கா சொன்ன ஃபோர்சைத் மாதிரிதானே எங்கள் எடிசனும். இங்கே ஓட் ட்ரீ ரோட்டில் மசாலா தோசைக்கு வரிசையில் நின்றால் முன்னால் ஒருத்தர், பின்னால் ஒருத்தர், இரண்டு பேரும் "விலைவாசி" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள்.

கணக்குப்பிள்ளை:
விலைவாசி என்று அவர்கள் 2024-ல் திட்டியது பைடனை. இப்போது அதே வரிசையில் யாரைத் திட்டுகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். 2025 நவம்பரில் உங்கள் மாநிலத்தில் மிக்கி ஷெரில் 13 சதவீதத்துக்கு மேல் வித்தியாசத்தில் ஆளுநர் ஆனார். அதே நாளில் வர்ஜீனியாவில் அபிகேல் ஸ்பான்பெர்கர் 15. பத்துப் புள்ளி சாய்ந்தது என்றேனே, அந்த மாதிரி வேகமாகச் சாய்ந்தவர்கள் அதே வேகத்தில் திரும்பவும் வருவார்கள்.

எடிசன்வாசி:
பிடித்துவிட்டேன் உங்களை! ஆளுநர் தேர்தலை வைத்து அதிபர் தேர்தலைச் சொல்ல முடியுமா? நீங்கள் இரண்டாவதாகச் சொன்ன வட கரோலினாவில் 2024-ல் ஜாஷ் ஸ்டைன் கிட்டத்தட்ட 15 சதவீதத்தில் ஆளுநர் ஆனார், அதே நாளில் டிரம்ப் 3 சதவீதத்தில் ஜெயித்தார். வர்ஜீனியாவில் 2021-ல் குடியரசுக் கட்சியின் யங்கின் ஜெயித்தபோது "வர்ஜீனியா போச்சு" என்றார்கள், 2024-ல் ஹாரிஸ்தான் ஜெயித்தார். உங்களுக்குப் பிடித்த மாநிலத்துக்கு ஒரு தராசு, எனக்கு வேறு தராசா?

கணக்குப்பிள்ளை:
நியாயமான அடி. வாங்கிக்கொள்கிறேன். ஷெரில் கணக்கைத் தள்ளிவிடுங்கள். ஆனாலும் நியூ ஜெர்சி நாட்டைவிட இன்னும் ஏழு புள்ளி இடதுபக்கம் நிற்கிறது. அது சிவப்பாக வேண்டுமென்றால் குடியரசுக் கட்சி நாடு முழுக்க ஏழு புள்ளிக்கு மேல் ஜெயிக்கிற அலை வேண்டும், இல்லாவிட்டால் உங்கள் ஊர் மட்டும் இன்னொரு முறை தனியாகச் சரிய வேண்டும். எட்டு வருடம் ஆண்ட கட்சிக்கு எதிராக இல்லாமல் ஆதரவாக அப்படி ஒரு அலையா? (எட்டு வருடமும் தொடர்ச்சியாக இல்லை, தெரியும், கிளம்பி வர வேண்டாம்.)

வட கரோலினா பற்றி ஒன்று ஒத்துக்கொள்கிறேன். 2008-ல் ஒபாமா அங்கே 14,000 ஓட்டில் ஜெயித்ததோடு சரி, அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் இரண்டு, மூன்றரை, ஒன்றேகால், மூன்று என்று வாசல் வரை வந்துவிட்டுத் திரும்பிப் போகிறது. ராலே, ஷார்லட் பக்கம் கூடுகிற ஓட்டை கிராமக் கவுண்டிகள் அப்படியே சமன் செய்துவிடுகின்றன. அதனால்தான் அதை இரண்டாவதாக வைத்தேன்.

சாண்ட்லர் சந்திரன்:
அரிசோனாவில் விசேஷம் இல்லை என்று கணக்குப்பிள்ளை ஒரே வரியில் தாண்டிவிட்டார். மனசு வலிக்கிறது. மாநில ஓட்டில் பாதிக்கு மேல் மாரிகோபா கவுண்டி ஒன்றிலேயே இருக்கிறது. 1948-ல் ட்ரூமனுக்குப் பிறகு அந்தக் கவுண்டியில் ஜெயித்த முதல் ஜனநாயகக் கட்சிக்காரர் பைடன்தான், 2020-ல். 2024-ல் டிரம்ப் திரும்பப் பிடித்தார். மாநிலத்தில் ஐந்தரை சதவீதம், ஏழில் அதுதான் பெரிய வித்தியாசம். இது மாறும் என்று நான் சொல்ல மாட்டேன்.

நெவாடாவைச் சொல்வேன். 2024 ஜூனில் லாஸ் வேகாஸ் கூட்டத்தில்தான் டிரம்ப் "டிப்ஸுக்கு வரி கிடையாது" என்றார். சர்வர், பார்டெண்டர், கார்டு டீலர் என்று ஊரே டிப்ஸில் வாழ்கிற இடத்தில் அதைவிட நல்ல வாக்குறுதி இருக்க முடியாது. 2004-ல் புஷ்ஷுக்குப் பிறகு முதல் தடவையாக நெவாடா சிவப்பானது. 2025 ஜூலையில் சட்டமும் வந்துவிட்டது, வருடத்துக்கு 25,000 டாலர் டிப்ஸ் வரை வரிக் கழிவு. ஆனால் அந்தக் கழிவு 2028 வரைதான், அதற்குப் பிறகு நீட்டித்தால் உண்டு. இன்னொன்று, 2025-ல் வேகாஸுக்கு வருகிற கூட்டமே குறைந்துவிட்டது. மேஜையில் ஆளே இல்லாவிட்டால் டிப்ஸுக்கு வரி இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? இருந்தாலும் 2028 பிரசாரம் முழுக்க "நீட்டிப்போம்" என்று ஒரு கட்சி சொல்லும், அடுத்த கட்சியும் அதையே சொல்லும்.

நோவை நண்பன்:
அயோவா யாரும் சொல்லவில்லையா? ஒபாமா இரண்டு முறை ஜெயித்த ஊர். சோயா, சீனா, சுங்கவரி என்று விவசாயிகள் கொதிக்கிறார்களே.

கணக்குப்பிள்ளை:
2025-ல் அங்கே மாநில செனட் இடைத்தேர்தலில் (மதுரைவாசி கவனிக்கவும், இது நிஜமான இடைத்தேர்தல்) ஜனநாயகக் கட்சி இரண்டு இடத்தைப் பறித்தது உண்மை. ஆனால் அந்த மாதிரித் தேர்தலுக்கு வருவது கொஞ்சப் பேர், அதுவும் அரசியல் வெறியர்கள். டிரம்ப் அங்கே 13 சதவீதத்தில் ஜெயித்தார். செனட்டுக்கு வேண்டுமானால் பார்க்கலாம். ஒஹாயோவும் அப்படியே.

நீலத்திலிருந்து சிவப்புக்கு ஒன்று சொல்லியே ஆக வேண்டும் என்றால் எல்லாரும் நியூ ஹாம்ப்ஷயர் என்பார்கள், ஹாரிஸ் 3-க்கும் குறைவாக ஜெயித்ததால். நாட்டைக் கழித்துப் பார்த்தால் அதுவும் இடதுபக்கம்தான் நகர்ந்திருக்கிறது. மின்னசோட்டாவும் அப்படியே, 1972-க்குப் பிறகு அது சிவப்பானதே இல்லை, 1984-ல் ரேகன் தோற்ற ஒரே மாநிலம். நான் அந்தக் கட்டத்தை வெறுமையாக விடுகிறேன்.

ஒமாஹாக்காரன்:
மூன்று நாளாக எழுதலாமா வேண்டாமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மாநிலம் மாநிலமாகப் பேசுகிறீர்கள், எங்கள் ஒற்றை ஓட்டை யாரும் கண்டுகொள்ளவில்லை.

ஹாரிஸ் வாங்கிய 226-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். நோவை நண்பன் சொன்ன மிச்சிகன் 15, விஸ்கான்சின் 10, கூட பென்சில்வேனியா 19. கூட்டுங்கள். சரியாக 270, அதிபராகத் தேவையான எண்ணிக்கை. ஒன்று கூட இல்லை, ஒன்று குறைவு இல்லை. இப்போது அந்த 226-க்குள்ளே நெப்ராஸ்காவின் இரண்டாம் மாவட்டம், அதாவது எங்கள் ஒமாஹா, ஒரு ஓட்டு இருக்கிறது. மற்ற மாநிலங்களில் ஜெயித்தவருக்கே மொத்தமும், இங்கேயும் மெய்னிலும்தான் மாவட்டவாரியாகப் பிரித்துக் கொடுப்பார்கள். மாநிலம் சிவப்பு, நாங்கள் மட்டும் 2008, 2020, 2024 மூன்று முறை நீலம். எங்கள் ஒன்றை உருவிவிட்டால் 269-269.

இதைக் கண்டுபிடித்தவர்கள் 2024 செப்டம்பரிலேயே மொத்த ஓட்டையும் மாநிலத்தில் ஜெயிக்கிறவருக்கே கொடுக்கிற மாதிரி சட்டத்தை மாற்றப் பார்த்தார்கள். ஒமாஹாவின் மாநில செனட்டர் மைக் மெக்டானல், ஜனநாயகக் கட்சியிலிருந்து குடியரசுக் கட்சிக்குத் தாவியவர், முன்னாள் தீயணைப்பு வீரர், முடியாது என்று நின்றுவிட்டார். 2025-ல் மறுபடி கொண்டுவந்தார்கள், அதுவும் தேறவில்லை. 2028-க்குள் இன்னும் எத்தனை தடவையோ.

அந்த வருடம் எங்கள் தெருவில் நடந்ததைப் பார்த்திருக்க வேண்டும். ஒரு வீட்டு வாசலில் வெள்ளை அட்டை, எழுத்தே கிடையாது, நடுவில் ஒரு நீல வட்டம் மட்டும். முதலில் ஏதோ குழாய் வேலைக்கு அடையாளம் வைத்திருக்கிறார்கள் என்றே நினைத்தேன். அடுத்த வாரம் எதிர்வீடு, அப்புறம் மூலைவீடு, ஒரு மாதத்தில் ஊர் முழுக்கப் புள்ளி. பெயர் இல்லை, கட்சி இல்லை. என் மகள் அதைப் பார்த்துவிட்டு "ஏம்ப்பா எல்லார் வீட்லயும் பொட்டு வெச்சிருக்காங்க" என்றாள்.

ஜான்ஸ்கிரீக் ஜமுனா:
பொட்டு! இனிமேல் எனக்கும் அது அப்படித்தான் தெரியும். எங்கள் ஜார்ஜியாவின் 16 வந்துவிட்டால் உங்கள் பொட்டுக்கு வேலை இல்லை, கவலைப்படாதீர்கள்.

எடிசன்வாசி:
சரி, குறித்துக்கொண்டேன். கணக்குப்பிள்ளையும் ஜமுனாக்காவும் ஜார்ஜியா. நோவை மிச்சிகன், விஸ்கான்சின். சந்திரன் நெவாடா. துரை அண்ணன் வேடிக்கை. நான் நியூ ஜெர்சியை விடுவதாக இல்லை. தோற்றவர்கள் ஜெயித்தவர்களுக்குத் திருநெல்வேலி அல்வா அரைக் கிலோ அனுப்ப வேண்டும்.

மதுரைவாசி:
ஒரே ஒரு கேள்வி, அப்புறம் போய்விடுகிறேன். அந்த 269-269 நிஜமாகவே வந்தால் என்ன செய்வார்கள்? சீட்டுக் குலுக்கலா?

ஒமாஹாக்காரன்:
கீழவை தேர்ந்தெடுக்கும், தம்பி. ஆனால் ஆளுக்கு ஒரு ஓட்டு இல்லை, மாநிலத்துக்கு ஒரு ஓட்டு. பெரிய கலிஃபோர்னியாவுக்கும் ஒன்று, மக்கள்தொகை மிகக் குறைந்த வயோமிங்குக்கும் ஒன்று. 26 வாங்கினால் அதிபர். துணை அதிபரைத் தனியாக செனட் தேர்ந்தெடுக்கும்.

மதுரைவாசி:
அப்போ அதிபர் ஒரு கட்சி, துணை அதிபர் இன்னொரு கட்சி என்று வரலாமா?

ஒமாஹாக்காரன்:
தாராளமாக வரலாம்.

மதுரைவாசி:
ஒரே வீட்டில் மாமியாரும் மருமகளும் மாதிரி நாலு வருடமா! நான் 269-269-க்கு அல்வா கட்டுகிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.